மூஞ்சியைப் பாக்காதே!

"என்ன வாசனை வருது சார்?"

பெங்களூரை அடுத்த நந்தி மலை அடிவாரம். குரோவர் திராட்சைத் தோட்டம். பெங்களூர் நண்பன், 'வாடா, ஒயின் ருசிக்கக் கத்துத் தர்றாங்க' என்று இழுத்துப் போயிருந்தான். ஆளுக்கொரு கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு ஒயின்.

ஒருத்தர் 'பிளாக் கரன்ட்' என்றார். இன்னொருத்தர் 'சிடார் மரம்' என்றார். பிளாக் கரன்ட்டை நான் ஐஸ்கிரீம் டப்பாவில்தான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும், "கரெக்ட் சார், பிளாக் கரன்ட்!" என்றேன். பி.காம். படித்தவன். மெஜாரிட்டி பக்கம் நிற்பதுதான் பாதுகாப்பு!

"டேய், நீ இன்னும் கிளாஸை மூக்குக்கிட்டயே கொண்டு போகலை..." என்று காதைக் கடித்தான் நண்பன்.

தோட்டத்து இளைஞர் நல்லவர். சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தார். முதலில் கிளாஸை வெள்ளைப் பேப்பர் மேல் சாய்த்து நிறம் பார்க்கணும். அப்புறம் ஒரு சுழற்று; காற்றுப் பட்டால் வாசனை எழும்பும். மூக்கை உள்ளே விட்டு மோந்து, ஒரு வாய் எடுத்து நாக்கு பூராவும் புரட்டணும். பிடிக்காவிட்டால் துப்பலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!

அது 'லா ரிசர்வ்'. காபர்னே சாவினான், ஷிராஸ் என்று இரண்டு திராட்சைகளின் கலவை. ஆலோசனை சொன்னவர் பிரான்ஸில் போர்தோ பக்கத்து மிஷல் ரோலான். கலப்பது போர்தோக்காரர்களின் பழைய வித்தை. அங்கே காபர்னேவுக்கு ஜோடி மெர்லோ. காபர்னே தோல் தடித்தது, லேட்டாகப் பழுக்கும். மெர்லோ மிருது, சீக்கிரம் பழுக்கும். அட்லான்டிக் மழை ஒன்றைக் கெடுத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். மொத்தப் பணத்தையும் ஒரே கம்பெனி ஷேரில் போடாத மாதிரி! ஷிராஸும் அந்த ஊருக்குப் புதுசில்லை. 19-ம் நூற்றாண்டிலேயே, ஒயினுக்குத் தெம்பு ஏற்ற அதைச் சேர்த்திருக்கிறார்கள்.

"நாக்கு வறண்டு இழுக்குதா? தோல்லேர்ந்தும் விதையிலேர்ந்தும் வர்றது. டானின்னு சொல்வாங்க."

அட, நம்ம துவர்ப்பு! நாவல்பழம் தின்று நாக்கை நீட்டிக் காட்டிய வயசு ஞாபகம் வந்தது. இந்த முறை யாரையும் பார்க்காமல், "நாவல்பழம்" என்றேன்.

"சூப்பர் சார். இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான் சொந்தமா சொன்னீங்க."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சுருக்கென்றது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். எனக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து ஜரிகைத் துண்டைக் கையில் வைப்பார். "அசலா, போலியா? சொல்லு." சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியணும். பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகின நாத்தம் வரணும். பார், தொடு, மோந்து பார்... இதே பாடம்தான். நான் ஜரிகையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்ப்பேன். புருவம் உயர்ந்தால் 'போலி' என்பேன்.

"என் மூஞ்சியைப் பாக்காதே. ஜரிகையைப் பாரு" என்பார். ஒருநாள் கேட்பதையே விட்டுவிட்டார். நானும் தப்பித்தேன் என்று டெபிட், கிரெடிட் பக்கம் போய்விட்டேன். அன்றைக்கு இலவசமாகக் கிடைத்ததை இருபது வருஷம் கழித்துக் காசு கட்டிக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்!

ஊருக்குத் திரும்பியதும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். திட்டு விழும் என்று தயாராக இருந்தேன். ஒருவாய் ஒயினுக்காக இல்லாவிட்டாலும், டிக்கெட் காசுக்காகவாவது.

"துவர்ப்புக்கா காசு கொடுத்தே? கடுக்காய் வீட்லயே இருக்கேடா!" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு பழத்தையும் கோர்வை போட்டிருக்கான். ஒட்டு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

"அப்ப நல்ல கைதான்."

உள்ளே போனவர் திரும்பி வந்து என் உள்ளங்கையில் இரண்டு இழைகளை வைத்தார்.

"எது பாவு, எது ஊடை?"

முகத்தைப் பார்க்கத் துடித்த கண்ணை மூடிக்கொண்டேன். விரலால் உருட்டினேன். ஒன்றில் முறுக்கு அதிகம்.

"இதுதான் பாவுப்பா."

பதில் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எனக்கும் ஒரு பலகை போட்டிருந்தது.