காரணம் தெரியாதவை

நண்பர் ஒருவரின் அறையில் ஜேம்ஸ் ஜாய்ஸின் படம் தொங்குகிறது. ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை. நண்பருக்கு அது நவீனத்துவத்தின் சின்னம் மாதிரி. பட்டைக்கு அடியில் இருந்த கண்ணை அவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். கண்ணின் நடுப்படலம் திரும்பத் திரும்ப அழன்று, பத்துக்கு மேற்பட்ட அறுவைகளுக்குப் பிறகும் பார்வை தேறாமல், 1941ல் அவர் செத்துப்போனார். டாக்டர்கள் யுவியைட்டிஸ் என்பார்கள். லத்தீனில் திராட்சைக்குள்ள பெயரிலிருந்து பிறந்த சொல். தோலுரித்த திராட்சை போன்ற படலம். ஜாய்ஸின் நோய்க்குக் காரணம் என்ன என்ற தர்க்கம் இன்னும் ஓயவில்லை. மேகநோய் என்று ஒரு கட்சி, மூட்டுவாதத்தின் உடன்பிறப்பு என்று இன்னொரு கட்சி. ஒற்றை மனிதனின் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தர்க்கித்தால் இப்படித்தான் முடியும் என்பதை நான் தெரிந்துகொண்டது ஜாய்ஸிடமிருந்து அல்ல, என் மாமாவிடமிருந்து.

1993 இறுதியில் மதுரைப் பக்கம் பெருமழை, வெள்ளம். வடிந்ததும் மாமா முழங்கால் சேற்றில் நின்று வயலைச் சீராக்கினார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி. வந்தது, போயிற்று, மறந்தும் போயிற்று. தை கடைசியில் கண் சிவந்தது. ஊருக்குப் போயிருந்த நான்தான், 'மெட்ராஸ் ஐ மாமா, நாலு நாள்ல போயிரும்' என்றேன். துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். பக்கத்து ஊர் டாக்டரும் அதையே சொல்லி சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். பீளை தள்ளவில்லை, வெளிச்சம்தான் கூசியது. 'புகைக்குள்ள பூச்சி பறக்குற மாதிரி இருக்கு மாப்ளே' என்று மாமா சொன்னார். எவ்வளவு துல்லியமான வர்ணனை! அதை நான் கேட்கவில்லை. கவிதையில் படிமம் தேடி அலைகிற ஆசாமி நான்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அந்த மாதங்களில் இப்படிப்பட்ட கண்கள் வழக்கத்துக்கு மீறி வந்துகொண்டிருந்தன என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். கூட்டம் ஏன் கூடுகிறது என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். ரத்தத்தையும், பிறகு கண்ணுக்குள்ளிருக்கும் நீரையும் சோதித்ததில் லெப்டோஸ்பைரா அகப்பட்டது. எலிக்காய்ச்சல் கிருமி. எலி, மாடு இவற்றின் மூத்திரம் தேங்கிய நீரில் கலந்து, காலின் வெடிப்பு வழியே ஏறுகிறது. காய்ச்சல் அடங்கி வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துக் கண்ணில் வெளிப்படுகிறது. காலுக்கும் கண்ணுக்கும் முடிச்சுப் போட எந்த நோயாளிக்குத் தோன்றும்? 1997ல் வெளியான கட்டுரை 73 பேரைப் பற்றியது. அந்த 73 பேரும் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு டாக்டரிடம் போயிருந்தால் ஒவ்வொருவர் சீட்டிலும் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதியிருப்பார்கள்.

இந்த வேலைக்குக் கொள்ளைநோயியல் என்று பயமுறுத்தும் பெயர். பார்க்கப்போனால் கணக்குப்பிள்ளையின் வேலை. யார், எந்த ஊர், எந்த மாதம், எந்தத் தண்ணீர். துருக்கியிலிருந்து ஜப்பான் வரை பழைய பட்டு வணிகப் பாதையை ஒட்டி பெசெட் நோய். மேற்கே பலருக்கு எச்எல்ஏ-பி27 என்ற பரம்பரை அடையாளம். நம் பக்கம் காசநோய், எலிக்காய்ச்சல். கிராமத்துக் குளங்களில் குளிக்கும் குழந்தைகளின் கண்ணில் ஒட்டுண்ணிப் புழு உண்டாக்கும் கட்டிகளையும் தென்னிந்தியாவில் இப்படித்தான் கண்டார்கள். ஐரோப்பாவில் குதிரைக்கு விட்டுவிட்டு வரும் இதே அழற்சிக்குச் சந்திரனைக் காரணம் சொல்லி வந்தார்கள். அதிலும் லெப்டோஸ்பைராவுக்குப் பங்குண்டு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் எந்த நாட்டுப் பட்டியலை எடுத்தாலும் 'காரணம் தெரியாதவை' என்ற வரி இருக்கிறது. பலவற்றில் அதுவே பெரிய வரி. அதை மறைக்காமல் அச்சிடுகிறார்கள். நம் விமர்சகர்களுக்கு இந்தத் துணிச்சல் வரக் காணோம்.

எனக்கு ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு. எலிக்காய்ச்சல் ஆண்களையே அதிகம் பிடிக்கிறது, வயலில் நிற்பவர்கள் அவர்கள் என்கிறார்கள். எங்கள் ஊரில் நாற்று நடுவது யார்?

மாமாவுக்கு அழற்சி மருந்தில் அடங்கியது; புரை மட்டும் சீக்கிரமே முற்றிவிட்டது. சில வருஷம் கழித்து அறுத்து லென்ஸ் வைத்தார்கள். துணைக்கு அத்தை வந்திருந்தாள். மாடிப்படி இறங்கும்போது இடது பக்கச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே இறங்கினாள். என்ன என்று கேட்டேன். அந்தக் கண்ணில் நிழல்தான் தெரியுமாம். அப்போது சிவந்திருந்ததாம், நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினாளாம், தானாகவே சரியாகிவிட்டதாம்.

'எப்ப அத்தை?'

'இவுகளுக்கு வந்துச்சுல்ல, அதே சமயந்தேன். வீட்டுல ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டா மாட்டை யாரு பாக்குறது?'