நான்கு தேசங்கள் கூடும் தீவு

ஆப்பிரிக்காக் கண்டத்தின் படத்தை விரித்துப் பார்க்கும் நேயர்கள், நமீபியா தேசம் தன் வடகிழக்கு மூலையிலிருந்து கிழக்கே ஒரு விரலை நீட்டிக் கொண்டிருப்பதைக் காணலாம். அவ்விரலின் நுனியில் இருப்பது இம்பலீலா என்னும் தீவு. வடக்கே ஸாம்பெஸி மகாநதி. தெற்கே சோபே நதி. இரண்டும் தீவின் கிழக்குக் கோடியில் சங்கமமாகின்றன. நமீபியா, போட்ஸ்வானா, ஸாம்பியா, ஸிம்பாப்வே ஆகிய நான்கு தேசங்களின் எல்லைகளும் அவ்விடத்தில் ஏறக்குறைய முட்டிக் கொள்கின்றன.

போட்ஸ்வானாவின் கஸானே பட்டணத்தில் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்துகிறார்கள். சிறிது நேரம் படகில் சென்று தீவில் இறங்கியதும், ஒரு சிறு காரியாலயத்தில் இன்னொரு முத்திரை. அப்புறந்தான் விடுதி. மரப் பலகைத் தளத்தின்மேல் கூரை வேய்ந்த குடில்கள். குடில் என்றதும் ரிஷிகளின் ஆசிரமத்தை நினைத்துக் கொள்ள வேண்டாம். வெந்நீர் முதல் வெள்ளிக் கரண்டி வரையில் சகல போகங்களும் உண்டு. ஒரு நாள் வாடகையில் நம் ஊரில் ஒரு குடும்பம் ஒரு மாதம் சௌக்கியமாய்க் காலட்சேபம் செய்யலாம்!

ஆனால் நதியின் அழகுக்கு விலை ஏது? ஸாம்பெஸியில் வெள்ளம் பெருகும்போது, அந்நீர் சோபேக்குள் புகுந்து அதைப் பின்னோக்கிப் பாயச் செய்துவிடும். வெள்ளம் வடிந்ததும் மணல் திட்டுகள் தலை தூக்குகின்றன. மேலலகைவிடக் கீழலகு நீண்ட ஒரு பறவை, அந்தக் கீழலகால் நீரைக் கிழித்துக் கொண்டே பறந்து மீன் பிடிக்கிறது. மன்னாரில் பெருக்க மரம் என்பார்களே, அம்மரம் இத்தீவிலும் பூதாகாரமாய் நிற்கிறது.

படத்தில் கண்ட அந்த விரல், ஐரோப்பியர் செய்த வேலை. 1890-ம் வருஷத்தில் பிரிட்டனும் ஜெர்மனியும் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டன. ஜான்ஸிபாரில் தனக்கிருந்த உரிமையை விட்டுக்கொடுத்த ஜெர்மனிக்கு, ஹெலிகோலாந்து தீவும், ஸாம்பெஸியை எட்டுவதற்குச் சுமார் 280 மைல் நீளமுள்ள இந்தத் துண்டு நிலமும் கிடைத்தன. நதி வழியே இந்து மகாசமுத்திரத்தை அடைந்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினார்கள். நடுவே விக்டோரியா நீர்வீழ்ச்சி 300 அடிக்கு மேல் செங்குத்தாக விழுவதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நிலத்துக்கு உடையவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கோட்டின் பயனை ஜனங்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள். சோபேயின் நடுவிலுள்ள கஸிகிலித் தீவு யாருக்கு என்ற வழக்கு ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் வரையில் சென்று, 1999-ல் போட்ஸ்வானாவுக்குச் சாதகமாய்த் தீர்ந்தது. 2020 நவம்பரில் இந்நதியில் நால்வரை போட்ஸ்வானா ராணுவத்தார் சுட்டுக் கொன்றனர். திருட்டு வேட்டைக்காரர்கள் என்றது ராணுவம். மீன் பிடிக்கப் போனவர்கள் என்று உறவினர் கதறினர்.

எங்கள் படகோட்டி அத்தீவுக்காரர். வன விலங்குகளாலும் விருந்தாளிகளாலும் வரும் வருமானத்தில் கிராமத்தாரும் பங்கு பெற 1996-ம் வருஷத்துச் சட்டம் இடம் தருகிறது என்று சொன்னார். முந்தின வாரம் அவருடைய சோளக் கொல்லையை யானைகள் துவைத்துவிட்டனவாம்.

அன்று மாலை எட்டு யானைகள் துதிக்கையை உயர்த்திக் கொண்டு சோபேயில் நீந்தி வந்தன. நாங்கள் கை கொட்டி ஆனந்தித்தோம். படகோட்டி மட்டும், அவை எந்தக் கரையில் ஏறப் போகின்றன என்று பார்த்துக் கொண்டிருந்தார்.