‘வேண்டாம்’ என்று சொன்ன குவாட்டர்பேக்

1994-ம் வருடக் கோடை. கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சி முகாம். கோச் ஸ்டீவ் மரியூச்சி கூப்பிட்டு, களத்தில் இறங்கி ஆடச் சொல்கிறார். 23 வயது கர்ட் வார்னரோ இன்னும் தயாராகவில்லை, இப்போது வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். அணியின் ஆட்டத் திட்டங்கள் எதுவும் அவர் மனதில் சரியாகப் பதிந்திருக்கவில்லை. கொஞ்ச நாளில் முகாமிலிருந்தே அனுப்பிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அந்த முகாமுக்கு வந்ததே பெரிய விஷயம். அமெரிக்க ஃபுட்பாலில் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். ஐ.பி.எல். ஏலத்தில் ‘அன்சோல்ட்’ என்பார்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமைதான் வார்னருக்கு. ஏழு சுற்றிலும் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம்தான் அவர் முதன்மை குவாட்டர்பேக். அதாவது, பந்தை யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுக்கும் ஆள். அதற்கு முன்பெல்லாம் பெஞ்ச்தான்.

ஊருக்குத் திரும்பியவர், சீடார் ஃபால்ஸில் ஹை-வீ சூப்பர் மார்க்கெட்டில் நைட் ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்தார். அலமாரிகளில் சாமான் அடுக்க வேண்டும். மணிக்கு ஐந்தரை டாலர். அப்போது அவருக்குத் துணையாக இருந்தவர் பிரெண்டா. முன்னாள் மரைன் படைவீரர், விவாகரத்தானவர், இரண்டு குழந்தைகளின் அம்மா. கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் அடிபட்டதால் மூத்த மகனுக்குப் பார்வை போய்விட்டது. மூளையிலும் பாதிப்பு. பிறகு 1996-ல் ஒரு சூறாவளி பிரெண்டாவின் பெற்றோர் இருவரையும் பலிகொண்டது. ஃபுட்பால் கனவு காண ஏற்ற சூழல் இல்லை அது.

1995-ல் ‘அரீனா’ ஃபுட்பாலில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணி அவரை எடுத்தது. பெரிய லீக்கில் பலர் கேலியாகப் பார்த்த ஆட்டம் இது. உள்ளரங்கில் பாதி அளவு மைதானம், பக்கத்துக்கு 8 பேர். எதிரணிக்காரர் கண் இமைப்பதற்குள் மேலே வந்து விழுவார். யோசித்துக்கொண்டு நின்றால் கதை முடிந்தது. மூன்று சீசன் அங்கே ஆடியதில் வார்னரின் கை வேகமானது. பேக்கர்ஸ் முகாமில் இல்லாத அந்தத் தயார்நிலை, இங்கேதான் வந்தது.

வாய்ப்பு மட்டும் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. 1997-ல் பிரெண்டாவைத் திருமணம் செய்து தேனிலவு போன இடத்தில், பந்து எறியும் கையின் முழங்கையில் ஏதோ பூச்சி கடித்து வீங்கிவிட, சிகாகோ பேர்ஸ் அணியின் தேர்வு நழுவியது. சினிமாவில் வைத்தால் லாஜிக் இல்லை என்போம்! அடுத்த வருடம் ஆம்ஸ்டர்டாமில் ஆடினார். பிறகு செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் மூன்றாவது குவாட்டர்பேக். 1999-ல் புதிதாக உருவான கிளீவ்லேண்ட் அணி வேறு அணிகளிலிருந்து ஆட்களை எடுத்தபோது, ராம்ஸ் அவரை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தது. கிளீவ்லேண்டும் எடுக்கவில்லை!

அதே ஆகஸ்டில் ராம்ஸின் முதன்மை குவாட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்காலில் பலத்த காயம். நிருபர்கள் முன் கோச் டிக் வெர்மீல் கண்கலங்கினார். வார்னரை வைத்தே ஆடுவோம் என்றார்.

இந்த முறை வார்னர் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. அந்த சீசனில் 41 டச்டவுன் பாஸ்கள், லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது. முந்தைய வருடம் 16-ல் 4 ஆட்டங்களில் மட்டுமே வென்ற அணி, சூப்பர் பவுல் இறுதிக்கு வந்தது. 2000 ஜனவரி 30, அட்லாண்டா. எதிரே டென்னஸி டைட்டன்ஸ். 16-16 சமநிலை, இரண்டு நிமிடம் சொச்சம்தான் பாக்கி. ஜெவான் கியர்ஸ் பாய்ந்து வந்து மோதும் அதே கணத்தில் வார்னர் பந்தை விடுவித்தார். ஐசக் புரூஸ் பிடித்து ஓட, 73 யார்டு டச்டவுன். ராம்ஸ் 23-16 என வென்றது.

2001-ல் மீண்டும் சிறந்த வீரர். பிறகு கையில் காயம், மறுபடி பெஞ்ச். நியூயார்க்கில் இளைஞர் ஈலை மேனிங்குக்கு இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அரிசோனாவிலும் ஒரு இளைஞருக்குப் பின்னால் காத்திருந்தார். அதெல்லாம் அவருக்குப் பழகியதுதானே. 37 வயதில் அரிசோனா கார்டினல்ஸை அதன் வரலாற்றில் முதல்முறையாக சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். 27-23 என பிட்ஸ்பர்க்கிடம் தோற்றார்கள். அடுத்த சீசன் முடிந்ததும் ஓய்வை அறிவித்தார். 2017-ல் ஃபுட்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது.