டவுன் சிண்ட்ரோமும் ஒரு புரத வளையமும்

டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறந்த வீட்ல முதல்ல நடக்குறது விசாரணை. கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா, பப்பாளி தின்னியா, வண்டியில பின்னாடி உக்காந்து போனியா? தீர்ப்பு முன்னாடியே எழுதியாச்சு: பெத்தவ தான் குற்றவாளி. பரமத்தி வேலூர் பக்கம் ஓ.பி.ல உக்காந்தா "நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"ங்குற கேள்வி மறுபடி மறுபடி வரும். ரெண்டு நிமிஷத்துல அங்க பதில் சொல்ல முடியறதில்ல. அதனால இந்த த்ரெட்.

மனுஷ செல்லுல 46 குரோமோசோம், 23 ஜோடி. இது 1956-ல தான் உறுதியாச்சு. அதுவரைக்கும் 48-னு பாடப் புத்தகத்துலயே இருந்தது! ஸ்வீடன்ல லுண்ட் நகரத்துல ஜியோவும் லெவானும் சரியா எண்ணினாங்க. மூணே வருஷத்துல, 1959-ல, டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு 47 இருக்குன்னு பாரிஸ்ல லெஜூன் குழு வெளியிட்டாங்க. அந்த ஒண்ணு, 21-வது குரோமோசோமோட மூணாவது பிரதி.

எண்ண முடிஞ்சதுக்கு ஒரு காரணம் கோல்ச்சிசின். நம்ம மாநில மலர் செங்காந்தள் இருக்கே, அதோட கண்வலிக்கிழங்குலயும் விதையிலயும் இருக்குற அதே விஷம் தான். ஆத்தைத் தாண்டி கரூர், மூலனூர் பக்கம் போனா விதைக்காகவே ஏக்கர் கணக்குல போட்டிருப்பாங்க. செல் ரெண்டாப் பிரியுறப்போ குரோமோசோமை ரெண்டு பக்கமும் இழுக்குற நூல்களை இந்த விஷம் உருவாக விடாது. செல் பாதியில நின்னுடும். அப்போ மைக்ராஸ்கோப்ல தெரியுறது தான் பத்தாம் வகுப்பு புத்தகத்துல பார்த்த எக்ஸ் வடிவம்.

அந்த எக்ஸ்ல கையும் காலும் விலகியிருக்கும், இடுப்பு மட்டும் ஒட்டியிருக்கும். ஏன்? அங்க கட்டு இருக்கு. பேரு கொஹீசின். 1997-ல வியன்னாவுல கிம் நாஸ்மித் குழுவும் அமெரிக்காவுல டக்ளஸ் கோஷ்லாண்ட் குழுவும் ஈஸ்ட்ல கண்டுபிடிச்சது.

கொஹீசின் பசை இல்ல, வளையம். எஸ்.எம்.சி.1, எஸ்.எம்.சி.3-னு ரெண்டு நீளமான புரதம். ஒவ்வொண்ணும் சுமார் 50 நானோமீட்டர். ஒரு முனையில ரெண்டும் கீல் மாதிரி சேர்ந்திருக்கும். இன்னொரு முனையில மூணாவதா ஒரு புரதம் கொக்கி போட்டு மூடும். நாலாவது ஒண்ணு வெளிய ஒட்டிக்கிட்டு உதவி பண்ணும். டி.என்.ஏ. பிரதி எடுத்ததும் ரெண்டு இழையும் இந்த வளையத்துக்குள்ள சேர்ந்து கிடக்கும். பிரிய வேண்டிய நேரம் வந்தா செப்பரேஸ்னு ஒரு கத்திரி அந்தக் கொக்கியை வெட்டும். இடுப்புல இருக்குற வளையம் முன்கூட்டியே அவிழாம காவல் காக்குற புரதத்துக்கு ஷுகோஷின்னு பேரு. ஜப்பானிய மொழியில காவல் தெய்வம்னு அர்த்தம். நம்மூர்ல கண்டுபிடிச்சிருந்தா முனியப்பன்னு வெச்சிருப்போம்!

சாதாரண செல்லுல இந்தக் கட்டு சில மணி நேரம், சில நாள் தாங்கினா போதும். கருமுட்டையில தான் சிக்கல். பெண்ணோட கருமுட்டைகள் அவ பிறக்குறதுக்கு முன்னாடியே உருவாகிடுது. அதாவது நீங்க உருவான கருமுட்டை, உங்கம்மா உங்க அம்மாயி வயித்துல இருந்தப்பவே தயார். அப்போ போட்ட கட்டு, அந்த முட்டை வெளிய வர்ற மாசம் வரைக்கும் தாங்கணும். இருபது வருஷம், முப்பது, சிலசமயம் நாப்பது.

வேலூர் கொடிக்கால் பார்த்தவங்களுக்கு இது சுலபமா புரியும். அகத்தியோட வெத்தலைக் கொடியை வாழைநார்ல கட்டுவாங்க. கொடி ஏற ஏற மறுபடி கட்டுவாங்க. கருமுட்டைக்குள்ள அந்த மறுகட்டு நடக்குற மாதிரி தெரியல. எலிகள்ல 2010-ல வந்த ஆய்வுகள் காட்டினது இது தான்: முட்டை வளர்ற காலத்துல பழைய வளையத்துக்குப் பதிலா புதுசு வர்றதில்ல. வயசான எலியோட முட்டையில வளையம் குறைஞ்சும் போயிருந்தது. கட்டு தளர்ந்தா ஜோடி சீக்கிரமே விலகி, ரெண்டும் ஒரே பக்கம் போயிடலாம். மனுஷங்கள்லயும் வயசு கூடுறப்போ ஆபத்து கூடுறதுக்கு இதை ஒரு முக்கிய காரணமா நினைக்கிறாங்க. 25 வயசுல சுமார் 1,250 பிரசவத்துக்கு ஒண்ணு, 40-ல சுமார் 100-க்கு ஒண்ணு.

இதுல பப்பாளி எங்க வருது? கிரகணம் எங்க வருது? பெரும்பாலான நேரம் அந்தப் பிசகு கரு தரிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. "22 வயசுப் பொண்ணுக்கு எப்படி சார்?"னு கேட்பீங்க. ஆபத்து குறைவு தான், பூஜ்யம் இல்ல. நம்ம ஊர்ல இளவயசுப் பிரசவம் தானே அதிகம், அதனால இளம் தாய்மார்களையும் நிறையப் பார்க்குறோம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நூத்துல மூணு நாலு குழந்தைகளுக்கு 21-வது குரோமோசோம் வேற குரோமோசோமோட ஒட்டியிருக்கும். அது அம்மாகிட்ட இருந்தோ அப்பாகிட்ட இருந்தோ வரலாம். அதனால குழந்தைக்கு கேரியோடைப் பரிசோதனை கட்டாயம் பண்ணுங்க. இந்த வகைன்னு வந்தா, அடுத்த குழந்தைக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் பண்ணணும். ஆமா, வீட்டுக்காரருக்கும் தான்.

இப்போ விசாரணைக்குச் செலவழிக்கிற நாட்களை எக்கோவுக்குச் செலவழிங்க. இந்தக் குழந்தைகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். பார்த்தா நல்லாத் தான் தெரியும், அதை நம்பி விட்டுடாதீங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இதய அறுவைக்கு வழி இருக்கு. தைராய்டு பாருங்க, காது கேட்குதா பாருங்க. மாவட்டத்துல இருக்குற ஆரம்பகால இடையீட்டு மையத்துல பயிற்சி இலவசம். நடக்கட்டும், பேசட்டும்னு காத்திருக்காம முதல் மாசங்கள்லயே கூட்டிட்டுப் போங்க.