தலைக்கவசத்துள் ஒரு குரல்

மோட்டார் சைக்கிளிற் பின்னிருப்பவரின் சொல் ஓட்டுபவர் செவிக்கு எட்டும்பொருட்டு, தலைக்கவசத்தினுள்ளே சிறு ஒலிபெருக்கிகளைப் பொருத்துவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. நாமும் பொருத்தினோம். ஆனையிறவு வெளியை அடைந்ததும் காற்றின் இரைச்சல் மிஞ்சியது, "என்னப்பா?" என்பதே எம் உரையாடலாயிற்று.

ஒலியை மேலும் கூட்டுவதே எவருக்கும் முதலில் தோன்றும். அது நல்வழியன்று. 60 கிலோமீற்றர் வேகத்திலேயே கவசத்துள் காற்றொலி ஏறத்தாழ 90 டெசிபெல் ஆகும். 85 டெசிபெலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வாளர் விதித்த வரம்பு. மூன்று டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும். அவ்வாறாயின் 90 டெசிபெலுக்கு இரண்டரை மணி நேரமே. உட்செவியின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீள முளைப்பதில்லை.

ஆகவே ஒலிபெருக்கியைச் செவித்துளைக்கு நேரே நகர்த்தினோம். ஒரு விரற்கடை விலகினாலும் குரல் மெலிகின்றது! பின்புறம் ஸ்பொஞ்சுத் துண்டொன்றை வைத்துக் காதுக்கு அணுக்கமாக்கினோம். அதன்பின் காதுகளுக்கு அடைப்பான் இட்டோம். அடைத்த காதுக்கு என்ன கேட்கும் என்று வீட்டார் நகைத்தனர். அடைப்பான் காற்றையும் குரலையும் ஒருங்கே தாழ்த்தும். குரலை மாத்திரம் கருவியால் மீண்டும் உயர்த்தலாம். காற்றை உயர்த்துவார் எவருமிலர்.

பேசுவோர் பக்கமும் கவனிக்க வேண்டும்: ஒலிவாங்கி உதட்டை ஒட்டி, ஸ்பொஞ்சு உறையுடன் இருத்தல் நன்று.

ஒலிபெருக்கிக்கு இடங்காண, உள்ளேயுள்ள றெஜிபோமைச் செதுக்குவாரும் உளர். விழுந்தால் மண்டையைக் காப்பது அதுவே. இடம் போதாதெனின் மெல்லிய ஒலிபெருக்கியை வாங்கிக்கொள்ளட்டும்.