துண்டும் முகவரியும்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் 'துண்டு' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஏனைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்து மருந்துக்காரர் கையொப்பமிட்டுத் தரும் சிறு கடதாசி அது. அதனைக் காட்டினால்தான் நோயாளியை வெளி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லத் தோட்டத்து லொறி கிடைக்கும்.

1973ஆம் ஆண்டு என் பெரியம்மா பிரசவ வேதனையில் துடித்த இரவில், அந்தத் துண்டுக்காக என் தந்தையார் மூன்று மைல் நடந்தார். மருந்துக்காரர் வீட்டில் இல்லை. துரையின் பங்களாவுக்குச் சென்றார்; காவற்காரன் காலையில் வரச் சொன்னான். விடிந்து வெகுநேரத்தின் பின் துண்டு கிடைத்தது. லொறியோ கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தது. கொழுந்து பழுதுபட்டால் கம்பனிக்கு நட்டமல்லவா? ஆதலால் அது ஆலைக்குப் போய்ச் சேர்ந்த பின்னரே லொறி எங்கள் லயத்துக்கு வந்தது. பெரியம்மாவை அதில் ஏற்றவேண்டிய தேவை அப்போது இருக்கவில்லை. பசுங்கொழுந்தின் வாசனை இன்றும் எனக்கு அந்தக் காலையையே நினைவூட்டுகிறது.

இன்று 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. 2016இல் இந்திய நன்கொடையாகக் கிடைத்த 88 வண்டிகளுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த 'சுவசெரிய' சேவை, 2018 முதல் மேலும் 209 வண்டிகளுடன் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. கட்டணம் இல்லை, துரையின் கையொப்பமும் வேண்டியதில்லை. அந்நிய நாட்டுப் பணமென்று முகஞ்சுளிக்கும் தோழர்கள் சிலர் உளர். அவர்கள் எவரும் கொழுந்து லொறிக்காகக் காத்திருந்தவர்களல்லர்.

2023இல் ஒரு மழை இரவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது நானும் அந்த இலக்கத்தை அழைத்தேன். உடனே பதில் கிடைத்தது. இனிய தமிழில் ஒரு பெண் கேட்டாள்: "வீட்டு இலக்கம் என்ன ஐயா? எந்த வீதி?"

முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த நான் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நின்றேன். எங்கள் லயத்துக்கு இலக்கமும் இல்லை, வீதியும் இல்லை. எங்களுக்கு வரும் கடிதங்களெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கே வரும். மேற்பிரிவு, கோயிலுக்கு மேலே, சவுக்கு மரத்தடி என்று எதையெதையோ சொன்னேன். அவள் பொறுமையாகவே கேட்டாள். ஆயினும் வண்டி கீழ்ப்பிரிவுக்குப் போய்த் திரும்பி வந்தது. சந்திக்கு மேலே அதனால் ஏற முடியவில்லை. பையன்கள் நால்வர் கம்பளியின் நான்கு முனைகளையும் பிடித்து அம்மாவைச் சந்திவரை சுமந்தனர்.

வண்டிக்குள் என் கண்கள் ஒட்சிசன் உருளையின் அமுக்கமானியைவிட்டு அகலவில்லை. 680 லீற்றர் கொள்ளும் உருளை நிமிடத்துக்குப் பத்து லீற்றர் வீதம் அறுபத்தெட்டு நிமிடமே தாங்கும். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நான் மனத்துள் கழித்துக்கொண்டே வந்தேன். உதவியாளரான இளைஞர் அதைக் கண்டுகொண்டார் போலும். "பயப்பிடாதீங்க சேர். காலையிலேயே பார்த்துப் பதிஞ்சிருக்கிறன். மற்ற சிலிண்டரும் ஃபுல்லா இருக்கு" என்று பதிவுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதில் திகதி, நேரம், அமுக்கம், கையொப்பம் யாவும் இருந்தன. கடதாசியைக் கண்டு என் நெஞ்சு ஆறுதலடைந்தது வாழ்க்கையில் அன்றுதான்.

அம்மா பிழைத்தார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் முகவரிக்கென்று விடப்பட்டிருந்த மூன்று வரிகளில், எழுதுவினைஞர் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதி, மிகுதியைக் கோடிட்டு நிரப்பினார்.

அடுத்த ஞாயிறன்று அந்த நான்கு பையன்களும் நானும் ஒரு வாளி சுண்ணாம்புடன் புறப்பட்டோம். எல்லா லயச் சுவர்களிலும் பெரிதாக இலக்கமிட்டு, சந்திப் பாறையில் அம்புக்குறியும் வரைந்தோம். மூன்றாம் நாள் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தது. யாருடைய அனுமதியுடன் சுவரில் எழுதினீர்கள் என்று துரை கேட்டனுப்பியிருந்தார்.