பனிமலைக்குப் போகுமுன்...

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை லாரிகளும் கம்பெனி பஸ்களும்தான் எங்களுக்குக் காட்சி. ஜனவரியில் பனிச்சறுக்கு விளையாடக் காஷ்மீரத்துக் குல்மார்க் போகலாமென்று என்னவர் டிக்கெட் எடுத்ததும் வீடே திருவிழாவாகிவிட்டது. எனக்கு மட்டும் ஒரு ரகசியம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்து, நடுவில் ஒரு துடிப்பு தவறியதுபோல் இருக்கும். சொன்னால் பயணம் நின்றுவிடுமே!

"ஏம்மா பாதிப் படியிலேயே நின்னுட்டே?" என்று சின்னவன் கேட்க, மாட்டிக்கொண்டேன்.

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். 24 மணி நேரத் துடிப்பையும் பதியும் ஹோல்டர் கருவியைக் கட்டிவிட்டார். ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்ததில், எனக்கு இருந்தது ரத்தசோகை! "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் போகலாம்மா" என்றார். பயணம் மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். அங்கிருந்து ரோப் காரில் அபர்வத் மலைக்குப் போனால் 3,900 மீட்டருக்கும் மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். எனவே ஸ்ரீநகரில் இரண்டு நாள் தங்கி, பிறகே ஏறினோம். நான் முதல் கட்டமான கோங்டூரியோடு நின்றுகொண்டேன். சின்னவன் சறுக்கி விழுந்து சிரித்ததை அங்கிருந்தே பார்த்தேன்.

சகோதரிகளே, படபடப்பை மறைக்காதீர்கள். வழக்கமான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மலையில் மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே கீழே இறங்கி டாக்டரைப் பாருங்கள். பனி அடுத்த வருஷமும் பெய்யும்!